பி.எட். முதலாண்டுக்காரர்களுக்கு: குமரி மாவட்டக் கல்லூரிகளில் விழா நடத்தும் வழி

பி.எட். கல்லூரியில் சேர்ந்து, மைக்ரோ டீச்சிங் என்றால் என்னவென்று பிடிபடுவதற்குள் ஒரு சீனியர் அக்கா வந்து, "இந்த வருஷம் ஓணம் ஃபர்ஸ்ட் இயர்தான் நடத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வகுப்பில் பாதிப் பேரின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது. ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டிருக்க மாட்டீர்கள். அந்த நாளில் கைகொடுப்பதற்காக எழுதியது இது.

ஆடவும் பாடவும் கோலம் போடவும் ஆள் எந்தக் கல்லூரியிலும் கிடைக்கும். விழா சொதப்புவது தேதியிலும் வசூலிலும் அனுமதியிலும்தான். அங்கே தவறினால் அடுத்து வருகைப் பதிவேட்டில் இடிக்கும், ரெக்கார்டில் இடிக்கும். ஆகவே மேடையைவிட காகிதத்துக்கும் கணக்குக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறது.

1. முதலில் உங்கள் சொந்தக் காகிதங்கள்

விழாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சேர்க்கைக் காகிதம் முடியாதவர் முதல் பருவம் முழுக்க ஈ-சேவை மையத்துக்கும் பழைய கல்லூரிக்கும் அலைந்துகொண்டிருப்பார். ஒத்திகை நாளில் ஆள் இருக்காது, வருகைக் கணக்கிலும் ஓட்டை விழும்.

வேண்டிய காகிதங்கள் இவை: பத்து, பன்னிரண்டு மதிப்பெண் பட்டியல்கள், பட்டப்படிப்பின் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்களும், தற்காலிகப் பட்டச் சான்று அல்லது பட்டம், மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, சாதிச் சான்று, ஆதார், புகைப்படம். மூலச் சான்றிதழைக் கல்லூரியில் கொடுப்பதற்கு முன் ஐந்தாறு செட் நகல் எடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்து கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். எதையெதைக் கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி, அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லை ஊரான களியக்காவிளைக்கு அந்தப்புறம் கேரளப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்தவர்களுக்கு இடம்பெயர்வுச் சான்றும் தகுதிச் சான்றும் கூடுதலாக வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கிற வேலை இது. வகுப்பு தொடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கல்வி உதவித்தொகை கேட்பவர்கள் வருமானச் சான்றை முன்னதாகவே எடுத்து வையுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் அந்தத் திட்டத்தின் வரம்புக்கு மேல் போனால் விண்ணப்பம் நிற்காது.

2. வருகைக் கணக்கைப் போட்டுவிட்டு விழாத் தேதி குறியுங்கள்

பி.எட். இரண்டு ஆண்டு, நான்கு பருவம். ஆண்டுக்கு 200 வேலை நாள் இருக்க வேண்டும் என்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதி. வகுப்புக்கு 80 சதவீத வருகை வேண்டும், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். இதை நாட்களாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். ஒரு பருவத்துக்கு ஏறக்குறைய 100 நாள் என்றால் 20 நாள்தான் கையிருப்பு. காய்ச்சல், சொந்தக்காரர் கல்யாணம், ஊர்க் கோயில் கொடை, மழை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பள்ளிப் பயிற்சி 16 வாரம் என்றால் 80 நாள். கையிருப்பு வெறும் 8.

பொருள் வாங்கப் போகிறோம், பூ வாங்கப் போகிறோம் என்று வெளியே போகும் நாளெல்லாம் தானாக ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வெளியே போனாலும் வந்ததாகக் கணக்கிடும் நாள்) ஆகிவிடாது. ஓ.டி. வேண்டுமென்றால் போவதற்கு முன்பே ஸ்டாஃப் இன்சார்ஜ் கையெழுத்திட்ட சீட்டு வகுப்பு ஆசிரியரிடம் போய்ச் சேர வேண்டும். பிறகு கேட்டால், "நீ சொல்லவே இல்லையே" என்ற பதில்தான் வரும். விழாக் குழுவில் நன்றாக உழைத்தவரே பருவக் கடைசியில் வருகைக்குக் கெஞ்சி நிற்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிற கூத்து.

அடுத்தது உள்ளூர் விடுமுறைகள். இந்த மாவட்டத்தில் இவை அதிகம். ஓணம், நவம்பர் 1 (மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள்), டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், மகா சிவராத்திரி, அய்யா வைகுண்டசாமி அவதார தினம், மண்டைக்காடு மாசிக் கொடை என வரிசையாக வரும். மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். வழக்கமாக அதில் மூன்று விஷயம் இருக்கும்: ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள், பொதுத்தேர்வுகளுக்கு இந்த விடுமுறை பொருந்தாது, செலாவணி முறிச் சட்டப்படி இது பொது விடுமுறை இல்லை. மூன்றாவதன் பொருள், வங்கி திறந்திருக்கும் என்பது. விழாப் பணத்தைக் கட்டவும் எடுக்கவும் அந்த நாள் தோது. முதலாவது உங்களுக்குப் பொறி. சனிக்கிழமை ஒத்திகை என்று முடிவு செய்துவிட்டு வந்தால், அன்று முழு நாள் வகுப்பு நடக்கும்.

இன்னொன்று, இரண்டாமாண்டுக்காரர்கள் மூன்றாம் பருவத்தில் பெரும்பாலும் பள்ளிகளில் இருப்பார்கள். அவர்கள் கல்லூரிக்கு வரும் நாள் எது என்று தெரியாமல் தேதி குறித்தால் பாதி அரங்கம் காலி. ஓணமும் ஆசிரியர் தினமும் நெருங்கி வரும் ஆண்டுகளில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். 2025-இல் இரண்டும் செப்டம்பர் 5 அன்றே வந்தன. அப்படி வந்தால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். ஆசிரியர் தினத்தை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகத் தனியே முடித்துவிடுங்கள்.

3. அனுமதிக் கடிதம்

வாய்மொழியாக முதல்வர் "சரி" என்று சொன்னது அனுமதி ஆகாது. வகுப்பு ஆசிரியர் வழியாக, விழாவுக்குப் பத்து நாள் முன்பு கடிதம் போக வேண்டும். அதில் இவை இருந்தால் திரும்பி வராது:

தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், பங்கேற்பவர் எண்ணிக்கை, மொத்தச் செலவு, தலைக்கு வசூல், விருந்தினர் யார், மைக் செட், சீரியல் விளக்கு, அடுப்பு உண்டா, சுத்தம் செய்வது யார் பொறுப்பு, பொறுப்பாளர்கள் நான்கு பேர் பெயர், வகுப்பு எண்.

முடியும் நேரத்தில் பொய் எழுதாதீர்கள். மூன்றே காலுக்கு முடித்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றூர், குலசேகரம், அருமனை மாதிரி உள்வழித் தடங்களில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். பி.எட். வகுப்பில் கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வருகிற அக்காமார் நிறையப் பேர் இருப்பார்கள். நிகழ்ச்சி இழுத்தால் அவர்கள் நடுவில் எழுந்து போவார்கள், கூடவே கூட்டமும் கலையும்.

4. வசூல்

கல்லூரிக் கட்டணத்திலேயே மாணவர் சங்கத்துக்கென்று ஒரு தொகை வாங்கியிருக்கிறார்களா என்று கட்டண ரசீதைப் பாருங்கள். இருந்தால் அதிலிருந்து எவ்வளவு வரும் என்று முதலில் கேட்டுவிட்டு, மீதியை மட்டும் வசூலியுங்கள். இதைக் கேட்காமலே வசூலில் இறங்குகிற குழுக்கள்தான் அதிகம்.

கணக்குப் போடும் முறைக்கு ஓணத்தையே உதாரணமாக எடுப்போம். இரண்டு ஆண்டும் சேர்த்து 200 மாணவர், தலைக்கு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் 40,000 ரூபாய். ஆனால் பத்துக்கு ஒருவர் கடைசிவரை தரமாட்டார் என்று வைத்துக்கொண்டு 36,000-க்குத்தான் செலவுத் திட்டம் போட வேண்டும். சாப்பிடுவோர் எண்ணிக்கை இதற்கு நேர்மாறாகக் கூடும். ஆசிரியர்கள், அலுவலகத்தார், காவலாளி, துப்புரவுப் பணியாளர்கள், விருந்தினர், வண்டி ஓட்டி வந்தவர் என 25 இலை கூடுதலாகப் போகும். ஆக, பணம் 180 பேருடையது, இலை 225. சமையல்காரர் இலைக்கு 120 ரூபாய் சொன்னால் 27,000 அங்கேயே போய்விட்டது. பூ, வடம் இழுக்கும் கயிறு, பரிசு, மைக் எல்லாவற்றுக்கும் 9,000. இதைப் புரிந்துகொள்ளாமல் "தலைக்கு 200, இலைக்கு 120, மிச்சம் 80" என்று கணக்குப் போடுகிறவர்கள் கடைசியில் கைக்காசு போட்டுத்தான் கரையேறுவார்கள்.

பணம் ஒருவர் கையிலும் கணக்கு இன்னொருவர் கையிலும் இருக்கட்டும். ஜிபே வழியாக வாங்கினால் அதற்கென்று ஒரே ஓர் எண். அனுப்புகிறவர் குறிப்பில் வகுப்பு எண்ணைப் போடச் சொல்லுங்கள். கொடுக்க முடியாதவர் பெயரை வாட்ஸாப் குழுவில் நினைவூட்டல் என்ற பெயரில் போடுவது அசிங்கம். அவருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினால் போதும். இரண்டு முறைக்கு மேல் கேட்கவும் வேண்டாம்.

உடை விஷயத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பு முழுக்க ஒரே மாதிரிச் சேலை மொத்தமாக எடுப்பது வீண். ஓணத்துக்கு வீட்டிலிருக்கும் கரை வைத்த கேரளச் சேலை போதும், ஆண்களுக்கு கரை வேட்டி. இந்த மாவட்டத்தில் அது இல்லாத வீடு குறைவு, இல்லாதவருக்கு இரவல் கிடைக்கும். மொத்த ஆர்டரில் பிளவுஸ் தையல் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் விழாச் செலவைவிட உடைச் செலவு கூடிவிடும்.

5. ஓணம்

திருவோணத்துக்கு முந்தைய இரண்டு நாளைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது சமையல்காரருக்கு வீட்டு ஆர்டர் குவியும், பூ விலை தாறுமாறாக ஏறும், பிள்ளைகளும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நான்கைந்து நாள் முன்னதாக வைத்துக்கொண்டால் எல்லாம் இறங்கிய விலையில் முடியும்.

பூ: நாகர்கோவில், ஆரல்வாய்மொழிப் பக்கக் கல்லூரி என்றால் நேரே தோவாளைப் பூச்சந்தை. அதிகாலையிலேயே வியாபாரம் சூடுபிடித்துவிடும். எட்டு மணிக்குப் போனால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்தார் அங்கே போய்வந்தால் வண்டிச் செலவு பூச் செலவைத் தின்றுவிடும். உள்ளூர்ப் பூக்காரரிடம் நிறமும் எடையும் எழுதிக் கொடுத்து முன்பணம் கட்டிவிடுங்கள்.

ஐந்தடி விட்டமுள்ள ஓர் அத்தப்பூக்கோலத்துக்கு எல்லா நிறமும் சேர்த்து ஆறேழு கிலோ பூ வேண்டும். மஞ்சள் கேந்தி (செண்டுமல்லி) இரண்டரை, ஆரஞ்சுக் கேந்தி இரண்டு, வாடாமல்லி ஒன்று, வெள்ளைக்குச் செவ்வந்தியோ அரளியோ ஒன்று, சிவப்புக்குக் கோழிக்கொண்டை அரை. பச்சைக்குப் பூ தேட வேண்டாம். இலையைப் பொடியாக நறுக்கினால் ஆயிற்று. துறைக்கு ஒரு கோலம் என்று போட்டி வைத்தால் எல்லாக் குழுவுக்கும் ஒரே எடை, ஒரே விட்டம் என்று முன்பே கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கணிதத் துறை பத்தடிக் கோலத்தோடு வந்து நிற்கும், சண்டை தொடங்கும்.

கேந்தியை முந்தின நாள் சாயங்காலமே உதிர்த்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால், காலையில் உள்ளே சூடேறிப் பழுப்பு நிறத்தில் கசங்கிக் கிடக்கும். பூவை முழுசாக, ஈரத் துணி விரித்த முறத்திலோ தரையிலோ பரப்பி வையுங்கள். காலையில் ஆறு பேர் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் உதிர்த்துவிடலாம். நடுவில் ஆணி பிடித்து நூல் கட்டிச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். நடுவிலிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வாருங்கள். வெளி வளையத்தை முதலில் போட்டவர் நடுவுக்குப் போகக் கோலத்தின் மேலேதான் கால் வைக்க வேண்டும். போர்ட்டிகோவிலோ வராந்தாவிலோ போடுங்கள், மைதானத்தில் வேண்டாம். இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் உண்டு. ஓண நாளில் ஒரு தூறல் வந்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போவது புதிதல்ல. மின்விசிறிக்குக் கீழேயும் கூடாது.

சத்யா (ஓணத்து இலை விருந்து): சமையல்காரரிடம் ஒரு வாரம் முன்பு சொல்லி, என்னென்ன கூட்டு என்று எழுதி வாங்குங்கள். "எல்லாம் போட்டுடலாம்" என்கிற பேச்சை நம்பினால் அவியலும் பச்சடியும் வரும், எரிசேரியும் ஓலனும் வராது. அரிசி கிலோவுக்கு ஏழெட்டுப் பேர் என்ற கணக்கில் 200 பேருக்கு 25 முதல் 28 கிலோ. பாயசம் தலைக்கு 150 மில்லி என்றால் 30 லிட்டர். அடப்பிரதமனோடு இன்னொரு பாயசமும் இருந்தால் தலா 100 மில்லியாக 20, 20 லிட்டர். ஏத்தங்காய் உப்பேரியும் சர்க்கரை வரட்டியும் கடையில் வாங்கிக்கொள்வதே லாபம்.

எண்ணிக்கையை முந்தின நாள் மதியம் கையெழுத்து வாங்கி உறுதி செய்யுங்கள். இலை பத்து சதவீதம் கூடுதலாக வாங்கலாம், கிழிந்தது வரும். பரிமாறும் பிள்ளைகளுக்கு முந்தின நாளே சொல்லிக்கொடுங்கள்: இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம், உப்பு, உப்பேரி, ஊறுகாய், தொடுகறி எல்லாம் வைத்து முடித்த பிறகே சோறு. முதல் பந்திக்கு மாணவர்களும் கடைசிப் பந்திக்கு விழாக் குழுவும் என்றால், குழுவுக்கென்று பத்து இலைக்குரிய கறியைத் தனியே எடுத்து மூடி வையுங்கள். கடைசிப் பந்தியில் சாம்பார் மட்டும் மிஞ்சுவதுதான் வழக்கம்.

வடம் இழுக்க நைலான் கயிறு வேண்டாம், உள்ளங்கையைக் கிழித்துவிடும். கனமான சணல் வடம் வாடகைக்குக் கிடைக்கும். வடத்தைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ள யாரையும் விடாதீர்கள். சேலை கட்டியவர்களுக்கு இந்த விளையாட்டை வைத்தால், மாற்றிக்கொள்ளச் சுடிதார் கொண்டுவரும்படி முன்பே சொல்லிவிடுங்கள். வடம் இழுப்பதைச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும். இரண்டு பாயசம் குடித்த பிறகு இழுத்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

6. கிறிஸ்துமஸ், பொங்கல்

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை டிசம்பர் மூன்றாம் வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் அரையாண்டு விடுமுறை, ஆலயங்களில் கேரல் பவனி, பாதிப் பேர் வர மாட்டார்கள். கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு (சீட்டில் வந்தவருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கும் விளையாட்டு) சீட்டு எடுக்கும்போது பரிசுக்கு உச்சவரம்பு போடுங்கள். 100 ரூபாய் தாராளம். சீட்டு எடுத்த அன்று வராதவர் பெயரையும் சேர்த்தே குலுக்குங்கள், இல்லாவிட்டால் கடைசி நாளில் ஒருவர் கை வெறுமையாக நிற்பார்.

கேக் கிலோவுக்கு 20 முதல் 25 துண்டு. 225 பேருக்குப் பத்து கிலோ சரியாக வரும். அதில் இரண்டு கிலோவாவது முட்டை சேர்க்காததாக இருக்கட்டும். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வகுப்பில் இருப்பார்கள், வீட்டில் யாராவது மாலை போட்டிருப்பதால் விரதம் காப்பவர்களும் இருப்பார்கள். முட்டையில்லாத கேக்குக்குத் தனித் தட்டு, தனிக் கத்தி. குடிலுக்கு வைக்கோல் பரப்பினால் சீரியல் விளக்கின் இணைப்பு எதுவும் அதன் மேல் படக் கூடாது. சாயங்காலம் போகும்போது பிளக்கைப் பிடுங்குவது யார் என்று ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள்.

பொங்கலில் கோட்டை விடுவது பானையில்தான். புது மண்பானையை முந்தின இரவே தண்ணீரில் முழுக்கி வைக்காமல் நேரே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். 200 பேருக்கு நான்கு கிலோ பச்சரிசி போதும், ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும். நான்கையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் அடி பிடிக்கும். துறைக்கு ஒரு பானை, பானைக்கு ஒரு கிலோ என்று பிரியுங்கள். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ சிறுபயறுப் பருப்பு, ஒன்றரை கிலோ வெல்லம், கால் கிலோ நெய், நூறு கிராம் அண்டிப்பருப்பு (முந்திரி), ஐந்து லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தண்ணீரும் பாலும். பானை பத்து லிட்டராவது பிடிக்க வேண்டும்.

வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, அரிசி முழுதாகக் குழைந்த பிறகு ஊற்றுங்கள். முன்னாலேயே ஊற்றினால் அரிசி அதற்கு மேல் வேகாது, பாலும் திரிந்துபோக வாய்ப்புண்டு. விறகோடு கொதும்பு, சிரட்டை, மடல் கொண்டுவர நாலு பேரிடம் சொன்னால் போதும், இந்த ஊரில் தென்னைக்கா பஞ்சம். ஈர மடலைக் கொண்டுவந்தால் புகைதான் மிஞ்சும். பக்கத்தில் இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர். ஊதும்போதும் கிளறும்போதும் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். இதைக் கவனிக்க ஒருவர் அடுப்பருகிலேயே நிற்கட்டும்.

7. மேடை நிகழ்ச்சி

புதுமுக வரவேற்பு, ஆசிரியர் தினம், மகளிர் தினம், கல்லூரி ஆண்டு விழா என்று எதுவானாலும் தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் என்று அறிவிக்கப்பட்டது. 55 நொடியில் பாட வேண்டும், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் (மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு), ஒலிப்பதிவைப் போடாமல் பயிற்சி பெற்றவர்கள் பாட வேண்டும் என்பது அரசாணை. கைக்கடிகாரத்தை வைத்து நான்கைந்து முறை பாடிப் பார்த்துவிடுங்கள். இழுத்துப் பாடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது.

நடனம் நான்கு நிமிடம், குழுப்பாட்டு மூன்று நிமிடம், நாடகம் எட்டு நிமிடம் என்று வரம்பு வையுங்கள். பாட்டெல்லாம் ஒரே பென்டிரைவில், வரிசை எண் போட்ட பெயரோடு இருக்க வேண்டும். ஒவ்வொருவர் கைபேசியிலிருந்தும் ப்ளூடூத்தில் இணைத்துக்கொண்டிருந்தால் இடைவெளியிலேயே நேரம் போய்விடும். விருந்தினர் பேச்சு நடனங்களுக்கு முன்பு. பின்னால் வைத்தால் கேட்க ஆளிருக்காது, அது அவருக்கும் மரியாதை இல்லை.

8. சுற்றுலா

பெற்றோர் ஒப்புதல் கடிதம், இரத்த வகையும் அவசர எண்ணும் உள்ள பெயர்ப் பட்டியல், அடையாள அட்டை நகல். வண்டியின் பதிவுச் சான்று, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் நான்கையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். திருவனந்தபுரம் போவதென்றால் அந்த வண்டிக்குக் கேரளத்துக்குள் நுழைய அனுமதியும் வரியும் கட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். களியக்காவிளையில் போய் நின்ற பிறகு கேட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை. விவேகானந்தர் பாறைக்குப் படகு கடலின் கோபத்தைப் பொறுத்தது; காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். அதனால் அதைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, நடக்காவிட்டால் மாத்தூர் தொட்டிப் பாலமோ வட்டக்கோட்டையோ என்று மாற்றுத் திட்டம் வைத்திருங்கள்.

9. பள்ளிப் பயிற்சிக் காலத்து விழாக்கள்

முதலாண்டில் 4 வாரம், இரண்டாமாண்டில் 16 வாரம் பள்ளியில் இருப்பீர்கள். நவம்பர் 14 வந்தால், "டீச்சர், நீங்கதான் பிள்ளைகளுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கணும்" என்று பள்ளியில் கேட்பார்கள். மறுக்காதீர்கள், ஆனால் பாட வேளையை விட்டுக்கொடுத்து ஒத்திகைக்குப் போகாதீர்கள். எடுத்த பாடங்களின் எண்ணிக்கை குறைந்தால் லெசன் பிளான் ரெக்கார்டில் அது அப்பட்டமாகத் தெரியும். மதிய இடைவேளையும் கடைசிப் பிரிவேளையும் போதும். நடத்திய நிகழ்ச்சிக்குத் தலைமையாசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிவிட்டால் அது ரெக்கார்டில் ஒரு பக்கமாகிவிடும்.

பள்ளிப் பிள்ளைகளின் படத்தை உங்கள் ஸ்டேட்டஸிலோ இன்ஸ்டாகிராமிலோ போடக் கூடாது. உங்களை வழிநடத்தும் பள்ளி ஆசிரியரான கைடு டீச்சர் அனுமதித்தாலும் போடாதீர்கள். பிள்ளைகளின் பெற்றோர் அனுமதிக்கவில்லை.

கல்லூரி விழாவுக்காகப் பள்ளியிலிருந்து ஒரு நாள் வர வேண்டுமென்றால் கல்லூரியிலிருந்து தலைமையாசிரியருக்குக் கடிதம் வர வேண்டும். வாய்ச் சொல்லில் வந்துவிட்டால் அந்த 8 நாளில் ஒன்று கழிந்ததாகவே கணக்கு. ஈடு வேலை நாளாக இல்லாத சனிக்கிழமையில் வைத்துக்கொண்டால் இந்தத் தொந்தரவே வராது.

10. விழா முடிந்த பிறகு மூன்று நாள்

முதல் நாள் சுத்தம். இலைகளையும் பூவையும் அன்றே மாட்டுத் தொழுவமுள்ளவர் யாருக்காவது கொடுத்துவிடலாம். உரக்குழி இருந்தால் அதிலும் போடலாம். வாடகைப் பாத்திரத்தை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். கரண்டிதான் எப்போதும் குறையும்.

இரண்டாம் நாள் அறிக்கை. அழைப்பிதழ், அனுமதிக் கடித நகல், கையெழுத்துப் போட்ட வருகைத் தாள், ஒரு பக்க அறிக்கை, நான்கு புகைப்படம். தர மதிப்பீட்டுக் கோப்புக்காக, இடமும் நேரமும் பதிந்த படத்தைக் கல்லூரிகள் கேட்கின்றன. விழா நாளில் அதற்கான ஜிபிஎஸ் கேமரா செயலி வைத்திருக்கும் ஒருவரை அந்த வேலைக்கென்றே நிறுத்துங்கள். ஆயிரம் செல்ஃபி இருந்தும் இப்படிப் பதிந்த படம் ஒன்றுகூட இல்லாமல் தவிப்பவர்கள் பலர்.

மூன்றாம் நாள் கணக்கு. வரவு, செலவு, மீதி மூன்றையும் பில் எண்களோடு எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பூக்காரர், இலைக்காரர் மாதிரி பில் கொடுக்காதவர்களிடம் ஒரு வெள்ளைத் தாளில் தொகை எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மீதிப் பணத்தைப் பிரியாணிக்குச் செலவழிக்காமல் அடுத்த விழாவுக்கு வைத்தால் தலைக்கு வசூல் குறையும். பில்களையும், எத்தனை இலை மிஞ்சியது, எந்தக் கறி தீர்ந்தது, எந்த மைக் செட் நேரத்துக்கு வந்தது என்ற குறிப்பையும் ஒரே கோப்பில் போட்டு, அடுத்த முதலாண்டு பிரதிநிதி வந்ததும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.